பதிவு பண்ண ஒன்று, பாட்டு கேட்க ஒன்று

கேள்வி: கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். வேவ், எம்பி3 என்று இரண்டு காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பதிவு செய்ய, ஒலியில் எதையும் கழிக்காத வேவ். செய்ததைக் கேட்க எம்பி3யோ வேறு எதுவோ, உங்கள் வசதி. இரண்டையும் ஒரே கேள்வியாக நினைப்பதால்தான் இத்தனை குழப்பம். கேட்பதற்கான கோப்பை நாளைக்கு அழிக்கலாம், வேறு விதமாக மறுபடி செய்துகொள்ளலாம். பாடியவர் அதே ராகத்தை அதே மனநிலையில் மறுபடி பாட மாட்டார்.

கணக்கும் அப்படியொன்றும் பயமுறுத்தாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 60 மணி நேரம் அடங்கிவிடும். தனிக்குரல் மட்டும் என்றால் மோனோ போதும், பாதி இடம் மிச்சம். அதே ஒரு மணி நேரத்தை 128 கிலோபிட் எம்பி3 வெறும் 58 மெகாபைட்டில் முடித்துவிடும், உண்மைதான். கார்டு விலை நெருப்பாக இருந்த காலத்தில் அந்தச் சிக்கனத்துக்கு நியாயம் இருந்தது. இப்போது இல்லை.

கேள்வி: பாட்டு கற்றுக்கொள்கிறேன். சாதகத்தைப் போனில் பதிவு செய்து கேட்டால், பின்னால் ஓடிய தம்புரா பாதியில் காணாமல் போகிறது. போன் கெட்டுவிட்டதா?
(மாணவி, கும்பகோணம்)

பதில்: போன் நன்றாக இருக்கிறது. தன் வேலையை மிகச் சரியாகச் செய்கிறது. அந்த வேலைதான் உங்களுக்கு வேண்டாதது.

போனில் உள்ள ஒலிவாங்கி பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அது மின்விசிறி, ஏசி, சாலை இரைச்சல் என்று முடிவு கட்டி அமுக்கிவிடும். தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒரே சீராக ஒலிப்பதற்கென்றே இருப்பது. இரைச்சல் நீக்கியின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இன்னொரு தொல்லை, தானாக அளவு கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. நீங்கள் மெல்லிய பிடி பிடிக்கும்போது ஒலியைத் தூக்கிவிடும். மேல் ஸ்தாயியில் வாயைத் திறந்தால் அமுக்கிவிடும். குரலில் நீங்கள் பாடுபட்டுச் செய்த ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள முயன்றால், இல்லாத குறையைத் திருத்துவீர்கள், இருக்கும் குறை காதில் விழாது. கற்பவருக்கு இது பெரிய நஷ்டம்.

வழி உண்டு. ஆண்ட்ராய்டு 7 முதல், பதப்படுத்தாத ஒலியை அப்படியே எடுக்கச் செயலிகளுக்கு இடம் தந்திருக்கிறார்கள். எல்லாப் போன்களும் ஆதரிப்பதில்லை, ஆனாலும் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பும் வேவ் வசதியும் உள்ள செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஐபோன் என்றால் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் லாஸ்லெஸ் என்ற தேர்வு இருக்கிறது. முதல் பதிவிலேயே தம்புராவை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சோதியுங்கள். நிமிடம் முடியும்போதும் அதே அளவு கேட்டால், அந்தச் செயலியை நம்பலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம், தவில் பதிவு செய்தேன். முழுக்கக் கரகரப்பு. கருவி போதாதா, வடிவம் போதாதா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் போதும். அளவு அதிகம். தவிலின் அடி எதிர்பாராமல் எகிறும். அது எல்லையைத் தாண்டிய இடத்தில் அலை மொட்டையாக வெட்டுப்படும், பிறகு எந்த மென்பொருளும் அதை முழுதாக மீட்டுத் தராது. மிக உரத்த அடிகூட மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி முதலிலேயே குறைத்து வையுங்கள். பதிவு சின்னதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். 16 பிட்டுக்கு ஏட்டளவில் 96 டெசிபல் இடைவெளி, 24 பிட்டுக்கு 144. வீட்டில் வந்து தூக்கிக்கொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. 24 பிட்டின் உண்மையான பயன் இதுதான்.

32 பிட் ஃப்ளோட் கருவிகளில் இந்தப் பயம் இன்னும் குறைவு. அளவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒலிவாங்கியே திணறினால் அதுவும் கைகொடுக்காது. தவிலிலிருந்து சில அடி விலகி, நாதஸ்வரத்தின் அணைசுக்கு நேர் எதிராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இரவு முழுக்கப் புறப்பாடு என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வேவ் கோப்பின் உச்சம் 4 ஜிபி, அதாவது நான்கு மணி நேரம் போல. நல்ல கருவிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். உங்களுடையது தொடங்குகிறதா என்று வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்கள், மல்லாரி நடுவில் கண்டுபிடிக்க வேண்டாம்.

கேள்வி: 128 கிலோபிட் எம்பி3க்கும் 320க்கும் வித்தியாசம் தெரிகிறது என்று நண்பன் சாதிக்கிறான். நிஜமா?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: பாட்டைப் பொறுத்தது. வீணை ஆலாபனையில் சிரமப்படுவான். பஜனையில் ஜால்ரா தட்டும் இடத்தில் உடனே பிடித்துவிடுவான்.

எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுத்து வேலை செய்கிறது. சிடி அளவீட்டில் ஒரு துண்டு 26 மில்லிநொடி. எந்த ஒலி எந்த ஒலியை மறைக்கும் என்று கணக்கிட்டு, காது கவனிக்காது என்று நம்புவதைக் கழித்துவிடும். பிட் குறையக் குறையக் கழிவு கூடும், அந்தப் பிழை துண்டு முழுக்கப் பரவும். நீடித்து ஒலிக்கும் சுரத்தில் அது ஒளிந்துகொள்ளும். பறையின் அடி, ஜால்ராவின் தட்டு, கஞ்சிராவின் சலங்கை போன்ற சட்டென்று வெடிக்கும் ஒலியில் ஒளிய இடமில்லை. அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய கசிவு கேட்கும், அடியின் கூர்மை மழுங்கும்.

குரலிலும் இது உண்டு. எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் தன் முறையைச் செப்பனிட்டார். தொடக்கத்தில் அந்தத் தனிக்குரலை அது நாசம் செய்தது. வாத்தியக் கூட்டம் இல்லாத குரலில் பிழையை மறைக்க எதுவுமில்லை. நம் கிராமத்துப் பாட்டிமாரின் பாட்டெல்லாம் தனிக்குரல்தான் என்பதை இங்கே சேர்த்து யோசியுங்கள்.

நண்பனைச் சோதிக்க, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள எம்பி3 பாட்டுகளையெல்லாம் ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: கரும்புச் சக்கையைப் பெரிய அண்டாவில் போட்டால் சாறு திரும்பாது. இடம்தான் அதிகம் பிடிக்கும். ஃபிளாக் 2001 முதல் இருக்கும், யாருக்கும் காசு கட்ட வேண்டாத, ஒரு பிட்டும் இழக்காத நல்ல வடிவம். வேவ் கோப்பைப் பெரும்பாலும் பாதிக்கு அருகில் சுருக்கிவிடும், வேண்டும்போது பழையபடி விரித்துக்கொள்ளலாம். சேமிப்புக்கு அருமை. கொடுப்பதை அப்படியே வைத்திருக்கும், அதில் இல்லாததைச் சேர்க்காது.

கேள்வி: காருக்குப் பென்டிரைவில் எந்த வடிவம்?
(வாசகர், சேலம்)

பதில்: 256 அல்லது 320 கிலோபிட் எம்பி3. எல்லாக் காரும் படிக்கும். டயர் சத்தமும் லாரி ஹாரனும் மிச்ச வித்தியாசத்தை விழுங்கிவிடும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பல கார்களுக்கு மற்றது புரியாது.

கேள்வி: 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு வாங்கிக் கேட்கலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம். மனிதக் காதின் உச்ச எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே உள்ள 44.1 போதும். வயது ஏற ஏற அந்த எல்லையும் இறங்கும். அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

கேள்வி: ஊரில் அம்மம்மா பாடுகிற ஊஞ்சல் பாட்டுகளை மச்சாள் வாட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட்டாக அனுப்புகிறாள். அதைச் சேர்த்து வைத்தால் போதும்தானே?
(வாசகி, டொரன்டோ)

பதில்: போதாது. வந்ததை அழித்துவிடாதீர்கள், ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். வொய்ஸ் நோட் ஓபஸ் என்ற வடிவத்தில் வருகிறது. 2012இல் தரநிலையாக வந்த ஓபஸ் அபாரமானதுதான்; நிறைய பிட் கொடுத்தால் இசைக்கும் நன்றாகவே பொருந்தும். வாட்ஸ்அப் அதைப் பேச்சுக்காக, டேட்டா மிச்சமாகும்படி, மிகக் குறைந்த பிட்டில் ஓட்டுகிறது. அம்மம்மாவின் குரலில் உள்ள நடுக்கமும், இழுத்துப் பாடும்போது மூச்சு வாங்கும் இடமும் அந்தச் சிக்கனத்தில் அடிபடும்.

மச்சாளிடம் சொல்லுங்கள்: போனில் தனியாக உள்ள ஒலிப்பதிவுச் செயலியில், ஆக உயர்ந்த தரத்தில் பதிவு செய்யட்டும். அனுப்பும்போது ஆடியோவாக இல்லாமல் டாகுமென்ட்டாக இணைக்கட்டும். கோப்பு அப்படியே வந்து சேரும். அனுப்பிய பிறகும் அவள் போனில் உள்ளதை அழிக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நல்ல பதிவுக் கருவியோடு போங்கள். அம்மம்மாவிடம் பாட்டை மட்டும் வாங்கிவராமல், யாரிடம் கற்றா, எந்தச் சடங்கில் பாடுவினம் என்பதையும் பேச வையுங்கள்.

கேள்வி: மினிடிஸ்க் மேல் தீராத ஆசை. பழைய ரெக்கார்டர் ஒன்று கிடைக்கிறது. வாங்கிப் பதிவுக்குப் பயன்படுத்தலாமா?
(வாசகர், பெங்களூரு)

பதில்: ஆசைக்கு வாங்கலாம். பதிவுக்கு வேண்டாம்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோனி 1992இல் கொண்டுவந்த அந்த 64 மில்லிமீட்டர்த் தட்டு, கையில் எடுத்துப்போகும் பதிவுக்கென்றே பிறந்தது போலிருந்தது. 74 நிமிடம் பிடிக்கும். லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்க, காந்தத் தலை அங்கே எழுதும். ஆறிய பிறகு சாதாரணக் காந்தம் அதை அசைக்காது. கேசட்டின் இரைச்சல் இல்லை. பதிவு செய்த இடத்திலேயே பாட்டைத் துண்டாக்கலாம், வரிசை மாற்றலாம், பெயர் எழுதலாம். ஒலிவாங்கிக்கு இணைப்புள்ள மாடலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உலகெங்கும் எத்தனையோ பேர் கச்சேரி, நாட்டார் பாட்டு, பறவைக் குரல் என்று எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதன் அட்ராக் சுருக்கம் சிடியில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான், 292 கிலோபிட்டை, எழுதியது. சுருக்காமல் எழுதும் ஹை-எம்டி 2004இல் வந்தது. அதைவிடப் பெரிய வலி, பழைய தட்டில் நீங்களே பதிவு செய்ததைக் கணினிக்குக் கோப்பாக எடுக்க முடியாமல் வைத்திருந்ததுதான். 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 அந்தக் கதவைத் திறந்தது, அதுதான் அந்த வரிசையில் கடைசி ரெக்கார்டரும்கூட. 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் தட்டுகளின் தயாரிப்பையும் சோனி நிறுத்திவிட்டது. அதே 1992இல் பிலிப்ஸ் கொண்டுவந்த டிசிசி என்ற டிஜிட்டல் கேசட்டுக்கு இவ்வளவு ஆயுளும் இல்லை, 1996இல் கதை முடிந்தது.

ஒரே நிறுவனத்தின் கையில் சாவி உள்ள வடிவத்தில் உங்கள் மூலப் பதிவை வைக்காதீர்கள். 1991இலிருந்து இருக்கும் வேவை இன்றைக்கு எந்தக் கணினியும் படிக்கிறது. உங்கள் வீட்டில் பழைய மினிடிஸ்க் பதிவுகள் இருந்தால், ரெக்கார்டர் உயிரோடு இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கச்சேரியில் கேட்காமல் பதிவு செய்வது தவறா?
(வாசகர், மயிலாப்பூர்)

பதில்: சொந்தமாகக் கேட்கவும் கற்கவும் எடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை ஏற்றிப் பரப்புவது 38ஆம் பிரிவு பாடகருக்குத் தந்திருக்கும் உரிமையில் கை வைப்பது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மதம் கிடைத்தால் ஒலிவாங்கியை மடியில் ஒளிக்காமல் நல்ல இடத்தில் வைக்கலாம், பதிவும் நன்றாக வரும்.

கேள்வி: வாப்பா 1986இல் துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள் உம்மாவின் பெட்டியில் இருக்கின்றன. எப்படிக் காப்பாற்றுவது?
(வாசகர், கீழக்கரை)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பக்கத்தை முழுதாகக் கொடுக்கலாம். கடிதம் எழுத நேரமோ எழுத்துப் பழக்கமோ இல்லாதவர்களுக்குக் கேசட்தான் அன்றைக்குக் கடிதம். வளைகுடாவுக்கும் நம் கடற்கரை ஊர்களுக்கும் நடுவே போய்வந்த அந்தக் குரல்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் முழுசாக இல்லை. வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

முதல் வேலை, கேசட்டின் மேல் ஓரத்தில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். இனித் தவறிப்போய் யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள். பூஞ்சை டேப் ரெக்கார்டருக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும், அதைப் பழகியவரிடம் கொடுங்கள். நாடாவுக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால், திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். 120 நிமிடக் கேசட்டாக இருந்தால் கூடுதல் கவனம். அதன் நாடா மிக மெல்லிசு, சட்டென்று நீளும்.

ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். குரல் மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வாப்பாவின் டூ-இன்-ஒன்னில் ஹெட் நின்ற கோணமும் உங்கள் டெக்கில் நிற்கும் கோணமும் வேறாக இருக்கலாம். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை நூலளவு திருப்பினால், ‘ச’, ‘ஷ’ ஒலிகள் பளிச்சென்று தெளியும் இடம் கிடைக்கும். டால்பி பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள், வீட்டு டூ-இன்-ஒன்னில் அது இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒயர் வழியாகப் பதிவுக் கருவிக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்து எடுப்பது வேண்டவே வேண்டாம். 24 பிட் வேவ், 48 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையாமல், முடிந்தால் 96. உலக ஒலி ஆவணக் காப்பாளர்கள் பரிந்துரைக்கும் அளவும் இதுதான்.

வாப்பாவின் குரல் கீச்சென்று வேகமாகக் கேட்டால், அவர் பேசியபோது ரெக்கார்டரின் பேட்டரி தளர்ந்திருக்கலாம். மெதுவாக ஓடிய நாடா இப்போது சரியான வேகத்தில் ஓடும்போது குரல் ஏறிவிடும். அறையில் இருந்த ஃப்ரிட்ஜோ டியூப்லைட்டோ பின்னணியில் ரீங்காரம் விட்டிருந்தால் அது அளவுகோலாகும். துபாய் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரமும் அதன் மடங்குகளிலேதான் வரும். 100இல் நிற்க வேண்டியது 104இல் நின்றால், நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடியிருக்கிறது. கணினியில் அந்த அளவு குறைத்தால் அவர் இயல்பான குரல் வந்துவிடும். சவூதியிலிருந்து வந்த கேசட் என்றால் கணக்கு மாறும், அங்கே 60 ஹெர்ட்ஸ்.

இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓடவிடுங்கள். பேச்சு முடிந்த மாதிரி இருக்கும். பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு ஞாபகம் வந்து மறுபடி பேசியிருப்பார்கள். இரைச்சல் நீக்குவது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும். பக்கத்துக் கட்டிலில் நண்பர் இருமுவதும், வெளியே பாங்கு கேட்பதும் அந்தக் கடிதத்தில் உள்ளவைதான். உம்மா காரிலோ போனிலோ கேட்பதற்கு எம்பி3 நகல் எடுத்துக் கொடுங்கள். பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கேசட்டில் கேட்டால்தான் பாட்டு இதமாக இருக்கிறது என்கிறார்களே?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: இதம் உண்மை. நாடா உரத்த ஒலியை மெல்ல அமுக்கும், மேல் அதிர்வுகளின் கூர்மையைக் குறைக்கும். சிலர் காதுக்கு அது பிடிக்கிறது, பிடித்தால் கேளுங்கள். பிலிப்ஸில் 1963இல் கேசட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், பிறகு சிடியை உருவாக்கும் வேலையிலும் இருந்தார். அவர் கேசட்டோடு நின்றுவிடவில்லை. கேட்க மட்டும் வாங்குங்கள், புதிய பதிவுக்கு வேண்டாம்.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் குரல் பழைய போனில் ஏஎம்ஆர் கோப்பாக இருக்கிறது. ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
(வாசகர், விருதுநகர்)

பதில்: அந்தப் போன்கள் நொடிக்கு 8000 மாதிரிதான் எடுத்தன. 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அப்பா பேசிய எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. ஏஐ அதைக் கண்டுபிடித்துத் தராது; வேறு ஆயிரம் குரல்களைப் பார்த்து ஊகித்து வரையும். கேட்கத் தெளிவாக இருக்கும், அந்தத் தெளிவு அப்பாவுடையது அல்ல. செய்து பார்ப்பது உங்கள் விருப்பம். அதற்கு முன் அசல் ஏஎம்ஆர் கோப்பை அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள், வேவாக மாற்றிய பிரதி ஒன்றையும் சேருங்கள். ஏஐ தந்த கோப்பின் பெயரிலேயே அது மாற்றப்பட்டது என்று எழுதுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எது தாத்தா என்று தெரிய வேண்டும்.

கேள்வி: பதிவுகளைப் பென்டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டேன். பத்திரம்தானே?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: திருடனிடமிருந்து பத்திரம். மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் பென்டிரைவில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டில் எரித்த சிடியின் சாயமும் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். வேவ் அல்லது ஃபிளாக்காக மூன்று பிரதி வையுங்கள்: வீட்டில் இரண்டு வேறு கருவிகளில், மூன்றாவது வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ. வருடம் ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள். கேட்பதற்கான எம்பி3 நகலை இந்த மூன்றில் எண்ணாதீர்கள்.

கேள்வி: என் வகுப்புப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியின் பாட்டுகளைப் பதிவு செய்துவரச் சொல்லப் போகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு போன். பாதியில் வேவ் வசதியே இல்லை. என்ன செய்யட்டும்?
(ஆசிரியை, தருமபுரி)

பதில்: தொடங்குங்கள். இந்தப் பக்கம் முழுக்க வேவ், வேவ் என்று சொல்லிவிட்டேன். அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். போனில் எம்4ஏ மட்டும்தான் வருமென்றால் எம்4ஏ. உயர்ந்த தரம் என்று அமைப்பில் ஒரு தேர்வு இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும், பாதிப் பாட்டில் அழைப்பு வரக்கூடாது. மின்விசிறியை அணைத்துவிட்டு, டிவி இல்லாத அறையில், வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனை மடித்த துணி மேல் வைக்க வேண்டும், கையில் பிடிக்கக் கூடாது. பாட்டு தொடங்கும் முன் பிள்ளையே தேதி, ஊர், பாடுபவர் பெயர், என்ன வேலையில் பாடும் பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் இந்தத் தகவல் உள்ளேயே இருக்கும். நடுவில் பாட்டி மறந்து நிறுத்தினாலும் பதிவை நிறுத்த வேண்டாம்.

கோப்புகளை வாட்ஸ்அப் குழுவில் ஆடியோவாக வாங்காமல், கேபிள் போட்டு உங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். வந்ததை வெட்டாமல் அப்படியே ஒரு அடைவில் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் முன் வகுப்பிலேயே ஒருவரைப் பாடவைத்து எல்லாப் போனிலும் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். எந்தப் போன் குரலை அமுக்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் போனை இரவல் கேட்கலாம்.